காணாத பொருளுக்கு ஏலம் கேட்கலாமா?

(சம்பள நாளுக்கு மறுநாள் மாலை பிள்ளை மடுவத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. வர முடியாமற் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



மலையில் நின்று களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு வேலையும் காத்திருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குப் பேசப்போவது போனில் நடக்கிற ஏலத்தைப் பற்றி. "நமக்கும் அதுக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று சில பெரியவர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம் லயங்களில் இப்போது போன் இல்லாத வீடு குறைவு. அந்தப் போனுக்குள்ளே கடையும் வந்துவிட்டது, ஏலமும் வந்துவிட்டது, கள்ளனும் வந்துவிட்டான்.

முதலில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். அந்தத் தாயிடம் கேட்டுத்தான் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம்.

அந்தத் தாயின் மகன் படிப்பில் கெட்டிக்காரன். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று படித்த பிள்ளைகளில் ஒருவன். உயர்தரம் படிக்க நல்ல போன் ஒன்று வேண்டும் என்றான். கடையில் அறுபதாயிரத்துக்குக் குறையவில்லை. அப்போது ஒரு வட்ஸ்அப் குழுவில் அதே போன் ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை 5,000 ரூபா. ஆளுக்கு ஆள் கூட்டிக் கேட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் 22,000 ரூபாவுக்கு இந்தப் பிள்ளைக்கே "விழுந்தது". பாதிக்காசு 11,000 உடனே போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். தாய் தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் போட்டாள். மறுநாள் அனுப்புகிற செலவு என்று 1,500 கேட்டார்கள். அதற்கு அடுத்த நாள் காப்புறுதி என்று 3,000 கேட்டார்கள். மொத்தம் 15,500 ரூபா போனது. அதோடு அந்த இலக்கமும் அடங்கிவிட்டது. போனும் வரவில்லை, காசும் வரவில்லை.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காசு போடுகிறதுக்கு முதல் நாள் அந்தப் பிள்ளை நம்மிடம் வந்து போனைக் காட்டினான். நாம் வேலை அவசரத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல விலைதானே தம்பி" என்றோம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தாயும் தோட்டைக் கழற்றினாளாம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் ஆபீசுக்கு முற்பணம் கேட்டு வந்தபோதுதான் நமக்கு எல்லாம் தெரிய வந்தது. "ஐயா, நம்ம படிப்பில்லாத குறைதானுங்க" என்று அவள் அழுதாள். அது அவளுடைய குறை இல்லை. விசாரிக்காமல் சொன்னது நம்முடைய குறை. அன்றைக்குத்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தோம். படித்ததை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

நமக்குத் தெரிந்த இரண்டு ஏலம்

ஏலம் நமக்குப் புதிசு இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழா முடிகிற அன்றைக்குச் சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழமும் மாம்பழமும் ஏலத்துக்கு வரும். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூவுவார்கள். அங்கே பழம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. கூவுகிறவர் யார் என்று தெரியும். கூட்டிக் கேட்கிறவர் எந்த லயம், யாருடைய மகன் என்றும் தெரியும்.

இரண்டாவது ஏலம், நாம் பறிக்கிற கொழுந்தின் ஏலம். தொழிற்சாலையில் தூளாகிற தேயிலையில் பெரும்பங்கு கொழும்பு ஏலத்துக்குத்தான் போகிறது. 1883 ஆம் ஆண்டில் தொடங்கிய ஏலம் அது. 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொரோனாவினால் மண்டபத்தில் கூட முடியாமல் போனபோது, அந்த ஏலத்தையே கணினி வழியாக நடத்தினார்கள். ஆகவே ஒன்லைன் ஏலம் என்றாலே மோசம் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் உழைப்பே அப்படி விலை போயிருக்கிறது.

ஆனால் அந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். ஏலத்துக்கு முன்னமே மாதிரித் தேயிலை வாங்குகிறவர்களுக்குப் போய்ச் சேரும். அவர்கள் தேத்தண்ணி ஊற்றி, வாயில் வைத்து ருசி பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். விற்கிற தோட்டத்துக்கும் வாங்குகிற கம்பனிக்கும் நடுவில் தரகர் இருக்கிறார். காசு அவர் வழியாகத்தான் கைமாறும். காசு கட்டுகிறதுக்கு இத்தனை நாள் என்று எழுதின விதியும் இருக்கிறது.

கோடிக்கணக்கில் காசு வைத்திருக்கிறவனே மாதிரி பார்க்காமல் வாங்குகிறதில்லை, நடுவில் ஆள் இல்லாமல் காசு கொடுக்கிறதில்லை. அப்படியிருக்க, பேர் போட்டுச் சம்பாதிக்கிற நாம் ஏன் படத்தை மட்டும் பார்த்து, முன்பின் தெரியாதவனுக்குக் காசு அனுப்ப வேண்டும்? பொருளைப் பார்க்க வேண்டும், நடுவில் பொறுப்பான ஒருவர் வேண்டும், விதி வேண்டும். இந்த மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் கள்ளன் ஏலம் நடத்துகிறான். நாம் படித்த எல்லா மோசடியிலும் இதைத்தான் கண்டோம்.

கள்ளன் என்ன செய்கிறான்?

போனில் நடக்கிற ஏலம் எங்கே தொடங்கியது தெரியுமா? 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவில். பிற்காலத்தில் ஈபே என்று பெயர் பெற்ற ஏலம் அது. அதில் முதலில் விற்ற சாமான் உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு. விலை 14 டொலர் 83 சதம். உடைந்தது என்று சொல்லியேதான் விற்றார். வாங்கினவரும் தெரிந்தே வாங்கினார். குறையை மறைக்காமல் சொல்லி விற்கிறதுதான் நேர்மையான வியாபாரம். ஆனால் ஏலம் வளர வளரக் கள்ளனும் கூடவே வளர்ந்தான்.

அவனுடைய முதல் வேலை, தன் பொருளைத் தானே கேட்கிறது. 2000 ஆம் ஆண்டில் அதே ஈபேயில் ஒருவர் பழைய ஓவியம் ஒன்றை ஏலத்துக்கு விட்டார். ஆரம்ப விலை 25 சதம். பெரிய ஓவியர் ஒருவர் வரைந்தது போலத் தோன்றும்படி கதை எழுதியிருந்தார். விலை 135,805 டொலர் வரை ஏறிப் போனது. விசாரித்தபோது, விற்றவரே வேறு பெயரில் ஏலம் கேட்டிருந்தது தெரிய வந்தது. விற்பனையை இரத்துச் செய்தார்கள், வழக்கும் நடந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆள் படிப்பில்லாதவர் இல்லை, ஒரு சட்டத்தரணி. அந்தத் தாயின் மகன் கலந்துகொண்ட குழுவிலும் விலையைக் கூட்டிக் கேட்ட "ஆட்கள்" எல்லாம் ஒரே கூட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாலு பேர் கேட்கிறார்களே என்று நாமும் கேட்கக்கூடாது. அந்த நாலு பேரும் யார் என்று நமக்குத் தெரியாது.

இரண்டாவது, பொருள் ஒன்று, எழுத்து வேறு. 2013 இல் இங்கிலாந்தில் ஒரு இளைஞர் தன் பிள்ளைக்கு விளையாட்டு இயந்திரம் என்று நினைத்து 450 பவுண் கொடுத்தார். தபாலில் வந்தது இயந்திரத்தின் படம். விளம்பரத்தைத் திருப்பிப் பார்த்தால் "படம்" என்றே அதில் எழுதியிருந்தது. நம் பக்கத்திலும் "பெட்டி மட்டும்", "பழுது பார்க்க" என்று சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து முழுவதையும் வாசித்துக் கேளுங்கள்.

மூன்றாவது, நல்ல பெயரைத் திருடுகிறது. இந்த ஏலங்களில் வாங்கினவர்கள் விற்றவரைப் பற்றி நல்லது கெட்டது எழுதுவார்கள், நட்சத்திரம் போடுவார்கள். ஈபேயில் இது 1996 இலேயே வந்த நல்ல வழக்கம். ஆனால் கள்ளன் முதலில் நூறு இருநூறு ரூபாச் சாமானை ஒழுங்காக விற்று நல்ல பெயர் எடுப்பான். பிறகு ஒரே நாளில் இருபது போனை ஏலம் போட்டுக் காசைச் சுருட்டிக்கொண்டு போவான். இல்லாவிட்டால் நல்ல வியாபாரி ஒருவருடைய கணக்கையே திருடி, அவர் பெயரில் விற்பான். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை வருசமாக விற்கிறார், முன்னே என்ன விற்றார், இப்போது என்ன விற்கிறார் என்று பாருங்கள். தையல் நூல் விற்றவர் திடீரென்று மோட்டார் சைக்கிள் விற்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

நாலாவது, தோற்றவனைத் தேடி வருகிறது. ஏலத்தில் நமக்கு விழாமல் போயிருக்கும். மறுநாள் ஒருவன் பேசுவான். "கேட்டவர் விலகிட்டாருங்க, உங்களுக்கே தர்றோம், ஆனா வெளியால பேசி முடிச்சுக்கலாம்" என்பான். இவன் விற்றவனே இல்லை. ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேறொருவன்.

ஐந்தாவது, தவணை தவணையாகக் கறக்கிறது. முதலில் பாதிக்காசு, பிறகு கூரியர் செலவு, பிறகு காப்புறுதி, பிறகு சுங்க வரி. முதல் காசு கொடுத்தவன் அதை விட மனசில்லாமல் அடுத்த காசையும் கொடுப்பான் என்று அவனுக்குத் தெரியும். சுங்க வரியை யாருடைய சொந்தக் கணக்குக்கும் போடச் சொல்லமாட்டார்கள். தபால் திணைக்களத்தின் பெயரிலும் பொய்யான செய்திகள் வருகின்றன. "உங்கள் பார்சல் நிற்கிறது, இதை அழுத்துங்கள்" என்றால் அழுத்தாதீர்கள். தபால் கந்தோருக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

காசு போட முன்பு செய்ய வேண்டியது

1. கடை விலையை விசாரியுங்கள். அறுபதாயிரம் ரூபாப் பொருள் இருபதாயிரத்துக்கு ஏன் வருகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். காரணம் இல்லாமல் ஒருவன் நமக்கு நாற்பதாயிரம் தரமாட்டான்.

2. பொருளோடு புதுப் படம் கேளுங்கள். இன்றைய திகதியைக் கடதாசியில் எழுதிப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இருக்கிறவனுக்கு அது இரண்டு நிமிச வேலை. இல்லாதவன் கோபப்படுவான், சாக்குச் சொல்லுவான்.

3. போன் என்றால் அதன் அடையாள இலக்கத்தைக் கேளுங்கள். *#06# என்று அடித்தால் 15 இலக்கம் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நாலு எழுத்தையும் ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதிவா இல்லையா என்று பதில் வரும். பதிவு இருக்கிறது என்பதற்காக விற்கிறவன் யோக்கியன் என்று ஆகிவிடாது. பதிவு இல்லையென்றால் அந்தப் போன் வேண்டவே வேண்டாம்.

4. நேரில் கைமாற்ற முடியுமானால் அதுவே நல்லது. அட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற டவுனில், பகல் நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். தனியாகப் போகாதீர்கள். போனைப் போட்டுப் பார்த்து, சிம் போட்டுப் பேசிப் பார்த்து, பிறகு காசைக் கொடுங்கள்.

5. கூரியரில் வருவதென்றால் பொருள் வந்த பிறகு காசு கொடுக்கிற முறையைக் கேளுங்கள். சில கூரியர்காரர் பெட்டியை உடைத்துப் பார்க்க விடமாட்டார்கள். அப்போது அவர் முன்னாலேயே, பெட்டியில் ஒட்டியிருக்கிற விலாசமும் தெரிகிற மாதிரி, திறக்கிறதை வீடியோ எடுத்து வையுங்கள்.

6. ஏலம் நடக்கிற இடத்துக்குக் காசு கட்டுகிற முறை இருந்தால் அதை விட்டு வெளியே போகாதீர்கள். "வெளியால அனுப்புங்க, குறைச்சுத் தர்றேன்" என்றால் நடுவில் இருக்கிற காவலை எடுக்கிறான் என்று அர்த்தம். வட்ஸ்அப் குழுவில் நடக்கிற ஏலத்தில் காவலே கிடையாது.

7. வங்கியிலிருந்து போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். காசு வாங்குகிறதுக்கு அந்த இலக்கம் தேவையில்லை. காசு எடுக்கிறதுக்குத்தான் தேவை.

8. "இப்பவே போடு" என்றால் போடாதீர்கள். ஒரு இரவு விட்டுவிடுங்கள். வீட்டில் இன்னும் ஒருவரிடம் சொல்லுங்கள். நம்மிடம் கொண்டுவாருங்கள். இனிமேல் ஒரு பார்வையில் "நல்ல விலை" என்று சொல்லமாட்டோம். உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்லுவோம்.

ஏமாந்துவிட்டால்?

உடனே வங்கிக்குப் பேசுங்கள். காசு இன்னும் எடுபடாமல் இருந்தால் நிறுத்த வழி இருக்கலாம். ஒரு நாள் போனால் கள்ளன் எடுத்துவிடுவான். பேசின செய்தி, படம், இலக்கம், காசு போட்ட பற்றுச்சீட்டு ஒன்றையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அழித்துவிட்டுத்தான் பலர் நம்மிடம் வருகிறார்கள்.

பிறகு பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதினதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தேவையென்றால் கூட வருவோம். பொலிசில் இதற்கென்று கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. விற்றவர் கடைக்காரராகவோ வியாபாரியாகவோ இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் அந்த நாளும் கடந்து போகும்.

"போன காசை எடுத்துத் தர்றோம், கொஞ்சம் செலவாகும்" என்று ஒருவன் பேசுவான். அவனும் அதே கூட்டம்தான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

கள்ளன் தன் சொந்தக் கணக்கில் காசு வாங்கமாட்டான். வேலை இல்லாத பிள்ளைகளைப் பார்த்து, "உன் வங்கிக் கணக்கைக் கொடு, உன் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடு, மாதம் இவ்வளவு தர்றேன்" என்பான். நாளைக்குப் பொலிஸ் தேடி வருகிறபோது அவன் இருக்கமாட்டான். அடையாள அட்டையில் பெயர் உள்ள பிள்ளைதான் நிற்கும். அந்தத் தாயின் தோடும் இப்படி ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு வழியாகத்தான் போயிருக்கும். அந்தப் பிள்ளையும் நம்மைப் போல ஒரு லயத்துப் பிள்ளையாக இருக்கலாம். ஆயிரம் இரண்டாயிரத்துக்கு ஆசைப்பட்டு உங்கள் பெயரை வாடகைக்கு விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தாய் இரண்டு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அதே குழுவில் இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு வீட்டார் காசு போட டவுனுக்குப் போகவிருந்த அன்றைக்குத்தான் சங்கதி வெளியே வந்தது. அந்த வீட்டுக் காசு தப்பியது, ஒரு தாய் வாய் திறந்ததால். ஏமாந்தவர் மேல் யாரும் சிரிக்க வேண்டாம். சிரித்தால் அடுத்தவர் சொல்லமாட்டார். சொல்லாவிட்டால் கள்ளனுக்குத்தான் வசதி.

அவளுடைய தோட்டை மீட்கிறதுக்கு நாம் சிலர் சேர்ந்து ஒரு சீட்டுப் போட்டிருக்கிறோம். முதல் சீட்டை அவளுக்கே கொடுக்க எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மகனும் படிப்பை விடவில்லை. பிள்ளை மடுவத்தில் மாலை நேரத்தில் நம்முடைய போனை வாங்கிப் படிக்கிறான். இங்கே வந்திருக்கிற பெரியவர்களுக்கு விளம்பரம் வாசித்துக் காட்டுகிற வேலையையும் அவனே ஏற்றுக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாருங்கள். காசு போட முன்பு வாருங்கள், போட்ட பிறகு வேண்டாம்.